பாதியில் திரும்பாத ஒயர்

பதினோரு சி.டி. பதினோரு அட்டை. ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் கடைசி வரியில் 'ஒலிப்பதிவு: ஆதிமூலம்' என்று அச்சாகியிருந்தது. பதினொன்றையும் ஒலிப்பதிவு செய்தவள் கஸ்தூரி.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி நாலாவது கட்டடம். கீழே வாடகை சைக்கிள் கடை. மேலே 'அருணஜோதி ஆடியோ'. சுவர் முழுக்க முட்டை அட்டை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ரெக்கார்டிங் நேரத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ஃபேன். பவுர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் விற்கிற பக்திப் பாட்டில் பாதி இங்கேதான் பிறந்தது. ஆதிமூலம் மைக் செட் வாடகைக்கு விட்டு மேலே வந்தவர். கம்ப்யூட்டரை ஆன் செய்ய அவருக்குத் தெரியும். மற்றதையெல்லாம் கஸ்தூரி பார்த்துக்கொள்வாள்.

பன்னிரண்டாவது சி.டி.யிலாவது தன் பெயர் வர வேண்டும். அதைக் கேட்கத்தான் 2003 ஐப்பசியில் ஒரு காலை அவள் வாயைத் திறந்தாள். மூடுவதற்குள் படியேறி வந்துவிட்டான் அருண்பிரசாத்.

ஆதிமூலத்தின் அக்கா மகன். சென்னையில் ஆறு மாத சவுண்ட் என்ஜினியரிங் கோர்ஸ். மழை மூட்டத்திலும் கண்ணில் கூலிங் கிளாஸ். சர்டிபிகேட்டை லேமினேட் செய்து கையிலேயே கொண்டுவந்திருந்தான்.

"வாடா மாப்ள," என்றார் ஆதிமூலம். "உனக்காகத்தான் அந்தப் பெட்டிய யாரையும் தொட விடாம வெச்சிருக்கேன்."

அந்தப் பெட்டி ஒரு டிரம் சாம்ப்ளர். மேலே 'பேடு' என்று பதினாறு ரப்பர் சதுரங்கள். ஒரு சதுரத்தைத் தட்டினால் உடுக்கை, இன்னொன்றைத் தட்டினால் தவில், மூலையில் இருப்பதைத் தட்டினால் பம்பை. எந்த மேளத்தை அதற்குள் பதிந்து வைக்கிறோமோ அந்த மேளமாகப் பேசும். ஆசிரமத்துப் பக்கம் ரெண்டு வருஷம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர், சுற்றுவட்டார அம்மன் திருவிழாக்களில் மேளங்களைப் பதிந்து அதில் நிரப்பி வைத்திருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது ஆதிமூலத்திடம் விற்றுவிட்டுப் போய்விட்டார். "என்ஜினியர் வர்ற வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது," என்று ஆதிமூலம் துண்டு போட்டு மூடிவிட்டார்.

மூடியது அவர். சாப்பாட்டு நேரத்தில் அவர் வேங்கிக்கால் வீட்டுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம் போட்டு வருவார். அந்த ஒன்றரை மணி நேரம் துண்டு எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாலு மாதமாக.

"அண்ணா," என்றாள் கஸ்தூரி, "ரேணுகாம்பாள் அம்மா சி.டி. யார் பேர்ல வரும்?"

ரேணுகாம்பாள் என்பவர் அம்மன் பாட்டுப் பாடகி. ஜில்லா முழுக்க அவர் குரலுக்குக் கூட்டம் உண்டு. எட்டுப் பாட்டு, கார்த்திகை தீபத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும். அன்று நாலு மணிக்கு முதல் பதிவு.

"என்ஜினியரே வந்துட்டான். அவன் பேர்லதான்."

"பெட்டியையும் கம்ப்யூட்டரையும் இன்னும் சேக்கவே இல்லயே."

"அது ரெண்டு ஒயர் மேட்டர் மேடம்," என்றான் அருண்பிரசாத்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். அம்மா வந்து உக்காந்து, பெட்டி ஒழுங்கா அடிச்சிதுன்னா சார் பேரு. இல்லனா என் பேரு. சரிங்களாண்ணா?"

ஆதிமூலம் மருமகனைப் பார்த்தார். மருமகன் சர்டிபிகேட்டால் விசிறிக்கொண்டான். "சரி," என்றார்.

சாப்பாட்டையெல்லாம் முடித்துவிட்டு ரெண்டரை மணிக்குத்தான் அருண்பிரசாத் வேலையில் இறங்கினான். பெட்டியின் முதுகில் அவுட் என்று ஒரு ஓட்டை, இன் என்று ஒரு ஓட்டை. கம்ப்யூட்டரின் மிடி ஒயரிலும் அதே மாதிரி ரெண்டு முனை. அவுட்டை அவுட்டில் சொருகினான், இன்னை இன்னில் சொருகினான். தட்டினான். கம்ப்யூட்டர் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது.

கஸ்தூரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ரெண்டு பேரும் வாயோடு வாய் வைத்தால் யார் கேட்பது? இதன் வாய் அதன் காதுக்குப் போக வேண்டும், அதன் வாய் இதன் காதுக்கு வர வேண்டும். நாலு மாதத்துக்கு முன்னால் முதல் நாளே அவள் செய்த தப்பு அது.

ஆனால் அந்தக் குளிர்ச்சி பத்து நிமிஷம்தான். பையன் முனைகளை மாற்றிச் சொருகிவிட்டான். பேடைத் தட்டியதும் திரையில் பச்சைப் புள்ளி விழுந்தது. பிளே அமுக்கியதும் கம்ப்யூட்டர் சொன்னபடி பெட்டி தாளம் போட்டது.

"பாத்தீங்களா மாமா. இந்த ஒயர்ல சத்தமே போறதில்ல. உத்தரவுதான் போகுது. இந்த பேடை, இந்த நேரத்துல, இவ்ளோ வேகமா அடின்னு."

"அட," என்றார் ஆதிமூலம்.

மணி மூன்று. இன்னும் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டாவது அட்டையும் கைவிட்டுப் போய்விடும். அப்போதுதான் கஸ்தூரியின் பார்வை தரையில் கிடந்த ஒயர்களில் விழுந்தது. உதட்டோரம் லேசாக நெளிந்தது.

ஆதிமூலத்துக்கு ஒரு வழக்கம். மைக் செட் காலத்தில் கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டருக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். ஒயரைக் கோயில் வாசலில் தொடங்கி வலமாகவே இழுத்துக்கொண்டு போவார். ஒரே ஒரு வருஷம் அவசரத்துக்கு இடமாக இழுத்தார், அன்றைக்கு மூணு ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. அதிலிருந்து அவர் கை படும் ஒயர் எதுவும் இடமாகப் போகாது. சுருட்டுவதுகூட வலமாகத்தான்.

"அண்ணா," என்றாள் கஸ்தூரி, பால் குடிக்கத் தெரியாத பூனையின் முகத்தோடு. "ஒரு சந்தேகம். ஒயரு கம்ப்யூட்டர்ல இருந்து பெட்டிக்குப் போவுது, அங்கேந்து வந்த வழியாவே திரும்புது. கிரிவலம் போறவங்க பாதியில திரும்பி வருவாங்களா?"

ஆதிமூலம் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "டேய், என்னடா இது?"

"மாமா, இது டெக்னிக்கல்."

"டெக்னிக்கலா இருந்தா இன்னா? பாதியில திரும்புற ஒயர் இந்த ரூமுக்குள்ள கூடாது. கம்ப்யூட்டர் கெழக்க இருக்குது. தெக்க கீபோர்டு. மேக்க பெட்டி. அப்படியே சுத்திட்டு வந்து கம்ப்யூட்டர்ல முடி."

மாமனிடம் வேலைக்குச் சேர வந்த பையன் என்ன செய்வான்? கீபோர்டையும் நடுவில் கோர்த்தான். உத்தரவு எங்கும் தடைப்படாமல் போக வேண்டுமே என்று பெட்டியின் சின்னத் திரையில் 'த்ரூ' என்ற வசதியைப் போட்டுவிட்டான். வந்த உத்தரவை அடுத்தவருக்கு அப்படியே கடத்திவிடு என்று அதற்கு அர்த்தம். கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரிலும் அதே வசதிக்கு டிக் போட்டான். ஒன்றில் மட்டும் போட்டால் தப்பில்லை. ரெண்டிலும் போட்டால் என்ன ஆகும் என்று கஸ்தூரிக்குத் தெரியும். சொல்லவில்லை. சைக்கிள் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தாள்.

நாலு மணிக்கு ரேணுகாம்பாள் வந்தார். ஐம்பது வயது, நெற்றி நிறையக் குங்குமம், அரக்கு நிறப் பட்டு. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா பம்பை இருக்குது?"

"உங்க கையாலயே ஒரு தட்டு தட்டித் தொடங்கி வைங்கம்மா," என்றான் அருண்பிரசாத். ரெக்கார்டு பட்டனை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

ரேணுகாம்பாள் மூலைச் சதுரத்தை ஒரு விரலால் தட்டினார்.

ஒரு தட்டுதான். அந்த உத்தரவு பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போனது. கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டுக்குக் கடத்தியது. கீபோர்டு பெட்டிக்குக் கடத்தியது. பெட்டி இன்னொரு தட்டு தட்டிவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டருக்கே அனுப்பியது. நிற்காத கிரிவலம். ஸ்பீக்கரிலிருந்து பம்பை பொரிந்து கொட்டியது. முட்டை அட்டைகள் அதிர்ந்தன.

அருண்பிரசாத் ஸ்பேஸ் பாரைத் தட்டினான். நிற்கவில்லை. எஸ்கேப். சிவப்பு விளக்குகூட அணையவில்லை; மேளமும் நிற்கவில்லை. கூலிங் கிளாஸ் மூக்கில் சரிந்தது.

கஸ்தூரி எதிர்பார்த்தது இவ்வளவுதான். பெட்டி கொஞ்ச நேரம் கத்தும், பையன் திருதிருவென்று விழிப்பான், தன் பெயர் அட்டையில் ஏறும். பாயில் உட்கார்ந்திருந்தவரை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ரேணுகாம்பாளின் தோள் ஒரு முறை வெட்டியது. கொண்டை அவிழ்ந்தது. கண் சொருகியது. பாயிலிருந்து எழுந்தவர் நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கினார்.

"ஐயோ, சாமி வந்துடுச்சு," என்று ஆதிமூலம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அருண்பிரசாத் மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தான். ஆதிமூலம் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தொட்ட, கைய ஒடச்சிடுவேன். சாமி மலையேறாம மேளத்த நிறுத்துவாங்களா? நிறுத்திட்டா அம்மா கதி என்னடா ஆவுறது?"

"மிஷின் மாமா. அதுவா நிக்காது."

"நிக்கக் கூடாது. பம்பைக்காரன் எப்படி எறக்குவானோ அப்படிக் கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும். எறக்கு."

அருண்பிரசாத்தின் சர்டிபிகேட்டில் அந்தப் பாடம் இல்லை.

ஆடிக்கொண்டே ரேணுகாம்பாள் ஒரு அடி முன்னால் வந்தார். குரல் வேறு யாருடையதோ மாதிரி கரகரத்தது. "யார்ரா என்னக் கூப்ட்டது? யார் அடிக்கிற மேளம் இது?"

அருண்பிரசாத் சுவரோடு ஒட்டிக்கொண்டான். விரல் தன்னால் கஸ்தூரியை நோக்கி நீண்டது.

"அவங்கதான் சாமி. எல்லாம் அவங்கதான் பண்ணாங்க. நான் ஒயரத் தொடக்கூட இல்ல."

விளையாட்டு இந்த அளவுக்குப் போகும் என்று கஸ்தூரி நினைக்கவில்லை. அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால்? பெட்டியின் முன்னால் மண்டி போட்டாள். வலது கை விரல்களைப் பம்பைச் சதுரத்துக்கு மேல் தயாராக வைத்துக்கொண்டாள். இடது கையால் பெட்டிக்குள் வருகிற ஒயரைப் பிடித்தாள். வெளியே போகிற ஒயரைத் தொடவில்லை.

இழுத்தாள். அதே நொடியில் தட்டினாள்.

ஒரு அடி விடாமல் மேளம் கைமாறியது. இயந்திரத்தின் பொரிதல் அடங்கி மனுஷ விரலின் அடி எழுந்தது. முதலில் அதே வேகம். பிறகு ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று கம்மி. நடுநடுவே உடுக்கையை ஒரு சிணுங்கல் சிணுங்கவிட்டாள். நாலு மாதச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவள் கை பழகியிருந்த வாசிப்பு. ஆதிமூலம் கற்பூரம் ஏற்றினார். அடி இன்னும் தளர்ந்தது. ரேணுகாம்பாளின் தோளும் அதோடு தளர்ந்தது. கடைசியாக மூன்று அடி, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு. மூன்றாவது அடியில் ரேணுகாம்பாள் பாயில் சரிந்து உட்கார்ந்தார்.

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். கொண்டையை முடிந்தார்.

"அந்தக் கடைசி மேளம் யாரு வாசிச்சது?" என்று சாதாரணக் குரலில் கேட்டார்.

ஆதிமூலம் கஸ்தூரியைக் காட்டினார். திரையில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கஸ்தூரியின் ஒவ்வொரு தட்டும் பச்சைப் புள்ளியாகப் பதிந்திருந்தது.

"அப்ப அதையே மொத பாட்டுக்கு வெச்சிடு. எனக்கு அதுக்கு மேல வேணாம்," என்றார் ரேணுகாம்பாள்.

அருண்பிரசாத்துக்கு உயிர் திரும்பியது. கூலிங் கிளாஸைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "மாமா, வாசிச்சது அவங்களா இருக்கலாம். ஆனா கனெக்ஷன் பூரா நான் பண்ணது. ரெக்கார்டு அமுக்குனது நான்."

ஆதிமூலம் அவனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "ஒயரத் தொடக்கூட இல்லன்னு சொன்னியே."

"அது... அப்ப வந்து..."

"சாமிகிட்ட சொன்ன. அது பொய்யா?"

ரேணுகாம்பாளும் அவனைப் பார்த்தார். அருண்பிரசாத் கற்பூரத் தட்டைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "பொய் இல்ல மாமா," என்றான் மெல்லிய குரலில்.

"அப்ப சரி. எல்லாம் அவதான் பண்ணா. நீ போய் அம்மாவுக்கு ஆட்டோ கூப்டு."

பையன் படியிறங்கும் சத்தம் கேட்டது. ரேணுகாம்பாளும் கிளம்பினார். வாசலில் நின்று கஸ்தூரியின் கன்னத்தைத் தட்டி, "வெரலு நல்லா பேசுது பாப்பா. அடுத்த வாட்டி கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடு, பட்டுப் பொடவ கட்டிட்டு வராம இருக்கேன்," என்றார். சிரித்தாரா என்று கஸ்தூரியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அறையில் முதலாளியும் அவளும் மட்டும். ஆதிமூலம் பெட்டியையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பெட்டிய யாரும் தொடக் கூடாதுன்னுதான சொல்லியிருந்தேன். உனக்கு இந்த வாசிப்பு எப்படி வந்துச்சு?"

"சாமி மலையேறிடுச்சு இல்லண்ணா?"

"ஏறிடுச்சு."

"அப்ப இன்னிக்குதான் மொத மொதல்ல தொட்டேன்."

ஆதிமூலம் மேஜை டிராயரிலிருந்து அட்டைக்கு எழுதிக் கொடுக்கும் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ஒலிப்பதிவு, கஸ்தூரி. போதுமா?"

"கீழ்பென்னாத்தூர் கஸ்தூரின்னு போடுங்க."

"எழுத்து ஜாஸ்தியா ஆவுது. ஊரு எதுக்கு?"

"எங்க தெருவுலயே மூணு கஸ்தூரி. மத்த ரெண்டு பேரும் தாங்கதான்னு சொல்லிக்குவாளுங்க."

"ஊரப் போட்டா மட்டும்? அவளுங்களும் அதே ஊருதான?"

கஸ்தூரி நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை வாங்கினாள்.

"அப்ப போட்டோ போட்டுடலாங்கண்ணா," என்றாள்.