இறங்க வேண்டிய வளைவு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. மலேசியாவில், சிலிம் ரிவர் டவுனைத் தாண்டி உள்ளே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் துரை பங்களாவை நானும் என் கணவர் பவித்ரனும் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். விருந்தினர் விடுதியாக்கப் போகிறோம். விளம்பரத்துக்குப் பங்களாவின் வரலாறு ஒரு பக்கம் வேண்டுமாம். "நீதான் எழுதுறவளாச்சே சுபா" என்றார். எழுதுகிறவளுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

காலையில் எழுதிய முதல் வரி:

வெள்ளைக்காரத் துரைமார் உலாவிய இந்த எழில்மிகு பச்சைப் புல்வெளியில்

அடித்துவிட்டேன். புல்வெளியில் இப்போது லாலான் புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. இரண்டாவது வரி:

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, எவரும் அஞ்சத் தேவையில்லாத இந்த வீட்டின் முன்னால்

வராந்தாவில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் சாலை வளைகிற இடத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளை அணைத்தார். இறங்கினார். வளைவு முடியும் வரை தள்ளிக்கொண்டே போய், அப்புறம் ஏறிக்கொண்டார். அடுத்து ஒரு பெண் வந்தாள். அவளும் இறங்கினாள்.

2

இறங்குவது பற்றிச் சொல்லியாக வேண்டும். துரை காலத்தில் பங்களாவுக்கு முன்னால் யாரும் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக்கூடாது. பவித்ரனின் தாத்தா பால்மரம் வெட்டியவர், ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை. ஒருநாள் அவசரத்தில் இறங்காமல் போய்விட்டார். பிரம்படி விழுந்தது. சைக்கிளையும் கால்வாயில் தூக்கிப் போட்டார்கள். பவித்ரன் இந்த வீட்டை எடுத்ததே அதற்காகத்தான். விடுதி என்பது ஊருக்குச் சொன்ன காரணம்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: என் அம்மாவின் தாத்தா அருளம்பலம் இதே தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்து ஆள், கணக்கும் அதிகாரமும் அவர் கையில். அவருக்கு முன்னாலும் இறங்கத்தான் வேண்டும். எங்கள் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள்.)

நேற்றுச் சாமான்களோடு, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் இருக்கும் பின்வழியாக வந்து சேர்ந்தோம். முன்சாலையில் பவித்ரன் இன்னும் வண்டியை விடவில்லை. இன்று மத்தியானம் மோட்டார் சைக்கிளில் கிளம்பும்போது சொன்னார்:

"டவுன்ல சாப்பிட மீ கோரேங் தபாவ் பண்ணி, பொட்டலமா எடுத்துட்டு வாரேன். போறது பின்வழி. வாரது முன்வழி. உட்காந்தபடியே வாரேன், நீ வராந்தாவுல நின்னு பாரு."

"தொரைதான் எப்பவோ போயிட்டானே. இவங்க ஏன் இன்னும் எறங்குறாங்க?"

"அடிமைப் புத்தி லா. ரத்தத்துல ஊறிப்போச்சு. ஒருத்தன் எறங்காம போய்க் காட்டணும்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. கதைக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

3

காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் பெயர் சின்னையா. பக்கத்தில் மிச்சமிருக்கும் தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒன்றில் இருப்பவர். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டதால் வராந்தாவில் ஒதுங்கினார். காப்பி கொடுத்தேன். பேச்சுவாக்கில், கொஞ்சம் பெருமையாகவே, "எங்கம்மாவோட தாத்தா இங்கதான் பெரிய கிராணியா இருந்தாருண்ணே" என்றேன்.

குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

(இந்த இடத்தில் எனக்கே சின்னையா மீது சந்தேகம். கதையில் சரியான நேரத்துக்கு ஒருவர் மழைக்கு ஒதுங்குவது ரொம்ப வசதி. அவரை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், பயமும் கூடவே போய்விடும் என்று. போகவில்லை.)

"இன்னும் தொரைக்குப் பயந்தா அங்க எறங்குறீங்க?" என்று கேட்டேன்.

"தொரைக்கா? அவன் கப்பலேறுனதும் எங்கப்பாருங்கள்லாம் ஏறித்தான் போனாங்க. அப்புறம் தானா எறங்கிட்டாங்க."

"ஏன்ணே?"

"காய்ச்சல்ல செத்தவங்களப் பொதச்ச எடம்மா அது. வராந்தாவுல உட்காந்தா தொரை கண்ணுக்குக் குழிமேடாத் தெரியுதுன்னு, மண்ணக் கொட்டி மேல ரோடு போட்டுட்டாங்க. கிராணிதான் நின்னு போட்டாரு."

அவர் கீழே வைத்த கோப்பையைப் பார்த்தேன்; எந்தக் கிராணி என்று கேட்கத் தேவைப்படவில்லை.

"உங்க வீட்டுத் தம்பி யாரு பேரன்னு எங்களுக்குத் தெரியும் லா. அவரு பூட்டனும் அதுக்குள்ளதான் கெடக்காரு."

"எறங்காம போனவங்களுக்கு என்ன ஆச்சு?"

உள்ளே எட்டிப் பார்த்தார். "தம்பி எங்கம்மா? எந்த வழியா வாராரு?" என்றார்.

4

போன் லைன் இல்லை. சின்னையா மழையிலேயே வளைவைப் பார்த்து ஓடினார். நானும் செருப்பை மாட்டினேன். அவர் திரும்பி நின்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"நீங்க வேணாம்மா. கிராணி வீட்டு ஆளு அங்க வரக்கூடாது."

திட்டியிருந்தால் போயிருப்பேன். கெஞ்சினார். அதனால் உள்ளே மேசைக்குத் திரும்பி வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கதைக்காகச் சொல்லவில்லை.

ஒரு முடிவு: சின்னையா மறித்துவிடுகிறார். பவித்ரன் இறங்குகிறார். முணுமுணுத்துக்கொண்டே நனைந்த பொட்டலத்தோடு நடந்து வருகிறார்.

இன்னொரு முடிவு: சின்னையாவை ஒதுக்கிவிட்டு ஏறியபடியே படிக்கட்டு வரை வந்து, தாத்தா பெயரைச் சொல்லிக் கத்துகிறார். ஒன்றுமே ஆகவில்லை. எதன் மீது ஏறி வந்தார் என்று அப்புறம் நான்தான் சொல்ல வேண்டும். அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவது: வளைவில் அவருடைய வண்டி

இல்லை. இதை எழுத மாட்டேன்.

(அருளம்பலத்தை நல்லவராக்கியும் பார்த்தேன். துரை மிரட்டினான், அவர் அழுதுகொண்டே மண் கொட்டச் சொன்னார் என்று. எழுதிய நானே நம்பவில்லை.)

5

மழை விட்டுவிட்டது. மோட்டார் சத்தம் கேட்கிறது. அவருடையதுதான், சைலன்சர் ஓட்டை. மேடு ஏறுகிறது. வளைவுக்கு வந்துவிட்டது.

நின்றுவிட்டது.

இறங்கிவிட்டார் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்க வேண்டும். சின்னையாவின் குரலாவது கேட்க வேண்டும். செம்பனை மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கிறது.

வராந்தாவுக்குப் போனால் வளைவு தெரியும். கிராணி வீட்டு ஆள் அங்கே வரக்கூடாது என்றார். வராந்தாவில் நின்று பார்க்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள். நீங்கள் கிராணி வீட்டு ஆள் இல்லையே? அப்படியானால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

வண்டியில் போகாதீர்கள். நடந்து போங்கள்.