இரண்டரை மணி ஆட்டம்

ஞாயிறு சர்ச் முடிந்து எல்லோரும் கூடத்தில் பொரித்த கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹார்லன் பெட்டஸின் கைபேசிக்குச் செய்தி வந்தது. வரும் சனிக்கிழமை ஊர்க் கல்லூரி அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பிற்பகல் இரண்டரை மணிக்கு. நாடு முழுக்க நேரலை. இருபத்தாறு வருடமாக அவர் கடவுளை நச்சரித்துக் கேட்டது இதைத்தான். அதே சனிக்கிழமை மூன்று மணிக்கு அவருடைய ஒரே மகள் மெரிலீக்குக் கல்யாணம்.

அலபாமாவின் இந்தப் பக்கத்தில், கால்பந்துக் காலமான அக்டோபரில், சனிக்கிழமையில் கல்யாணம் வைப்பவனைப் பைத்தியம் என்பார்கள். தேதி குறித்தவர் ஹார்லனேதான். ஊர்க் கல்லூரி ஆடும் லீக்கை எந்தத் தொலைக்காட்சியும் சீந்தியதில்லை. காலை பதினொரு மணிக்கு யாரும் பார்க்காத ஏதாவது ஒரு சேனலில் தள்ளிவிடுவார்கள். ஆட்டம் முடிந்து, தோற்று, குளித்துவிட்டுச் சர்ச்சுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இந்த வருடம் பார்த்து அந்த லீக்கின் மூன்று அணிகள் நாட்டின் முதல் பத்துக்குள் ஏறிக்கொண்டன. ஊர் அணி ஏழுக்கு ஏழும் வென்று தொலைத்தது. சனிக்கிழமை மோதப்போவதும் தோல்வியே காணாத இன்னொரு அணியோடு. தொலைக்காட்சிக்காரன் ஆறு நாள் முன்னால்தான் நேரத்தைச் சொல்வான்; அவன் சொன்னால் சொன்னதுதான்.

"நம்ம பசங்க மேல நம்பிக்கை வச்சுத்தானே தேதி குறிச்சேன்," என்றார் பரிதாபமாக.

"தோத்துடுவாங்கங்கிற நம்பிக்கை," என்றாள் மனைவி கிளெண்டா. "நல்லா இருக்கு உங்க பக்தி."

திங்கள்கிழமைக்குள் நூற்றெண்பது விருந்தினரில் பாதிப் பேர் தொண்டையைச் செருமிக்கொண்டு போன் செய்தார்கள். "விருந்துக்குக் கண்டிப்பா வந்துடுறோம்டி தங்கம்," என்றாள் மெரிலீயின் அத்தை. பாஸ்டர் ராய்ஸ் வருவதாகத்தான் சொன்னார், ஆனால் குரலில் உயிரே இல்லை. கல்யாணத்தைக் காலைக்கு மாற்றலாமென்றால் சர்ச்சில் அன்று காலை வேறொரு கல்யாணம்.

மெரிலீ அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ஊர் வராட்டி போகட்டும் டாடி. நீங்க வருவீங்கல்ல?"

"என்னம்மா கேள்வி இது," என்றார் ஹார்லன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு தாமதித்துவிட்டார். அவளும் அதைக் கவனித்துவிட்டாள். அன்று முழுக்க அவருக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் அவரே வழி கண்டுபிடித்தார். கல்லூரி மைதானத்தின் வாகன நிறுத்துமிடம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மொத்த ஊரும் அங்கே கூடாரம் போட்டு அடுப்பு மூட்டிவிடும். "உன் ஆளுங்க எங்க இருப்பாங்களோ, அங்கயே கல்யாணத்தை வச்சுடுவோம். பன்னெண்டு மணிக்கு."

"கவுனெல்லாம் பன்றிக்கறிப் புகை நாறுமே டாடி."

"வேடுக்கு அந்த வாசனைதான் பிடிக்கும், விடு," என்றாள் கிளெண்டா. வேட்தான் மாப்பிள்ளை.

சனிக்கிழமை இரண்டாயிரம் பேர் நின்றார்கள். எதிரணி ரசிகர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார்கள். ஹார்லன் மகளைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிவரும்போது வெட்கமில்லாமல் அழுதார். பாஸ்டர் இருபது நிமிடப் பிரசங்கத்தை நாலு நிமிடத்தில் முடித்தார். அவர் வாழ்க்கையிலேயே நல்ல பிரசங்கம் அதுதான் என்று பலரும் சொன்னார்கள்.

ஆளாளுக்கு மணப்பெண்ணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டதில் நேரம் ஓடிவிட்டது. அப்பாவும் மகளும் ஆட வேண்டிய நடனம் மட்டும் பாக்கி. மணி இரண்டு இருபத்தைந்து. கூடாரங்கள் காலியாகி, பாஸ்டர் முதல் ஆளாக மைதானத்துக்குள் ஓடியிருந்தார். வேட் மட்டும் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க போங்க டாடி. டான்ஸை வீட்ல வச்சுக்கலாம். இதுக்காகத்தானே இத்தனை வருஷம் காத்துட்டு இருந்தீங்க."

ஹார்லன் மைதானத்தின் வாசலைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "பாட்டைப் போடு வேட்," என்றார்.

பாதிப் பாட்டில் மைதானத்துக்குள்ளிருந்து தரையே அதிரும்படி ஒரு கூச்சல் எழுந்தது. வேட் கூடாரத்திலிருந்த தொலைக்காட்சியை எட்டிப் பார்த்தான். "மாமா, எடுத்த எடுப்புலயே நம்ம பையன் பந்தைத் தூக்கிக்கிட்டு இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஓடிட்டான்."

"ஓடட்டும்," என்றார் ஹார்லன். "இவ என் காலை மிதிக்காம இருந்தா சரி."

"மிதிக்கிறது நீங்கதான் டாடி."

பாட்டு முடிந்தது. மெரிலீ கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"இன்னொரு தடவை போடுப்பா," என்றார் வேடிடம்.