சர்க்கரைக்கொல்லி

பீரோவிலிருந்து புது வேட்டியை உருவியபோது, மடிப்புக்குள்ளிருந்து மாத்திரை அட்டைகள் மஞ்சுவின் காலடியில் விழுந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. இரண்டு மாதத்து மாத்திரை. பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் போய் அவளே அப்பாவுக்கு வாங்கி வந்தவை.

"வேட்டி கெடைச்சுதாம்மா? அண்ணனக் குளிப்பாட்டியாச்சு" என்று வாசலிலிருந்து சித்தப்பா செல்லதுரை குரல் கொடுத்தார்.

"இந்தா வரேன் சித்தப்பா."

அட்டைகளை அள்ளித் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

தாவரவியல் படித்தவள். பச்சைமலை அடிவாரத்திலிருந்து ஒரு கொடியைக் கொண்டுவந்து வேலியோரம் நட்டதும் அவள்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அப்பாவை இலை மெல்லச் சொல்லி, நாக்கில் சீனி வைத்தாள்.

"என்னடி இது, மண்ணாட்டம் இருக்கு!"

"பேரே சர்க்கரைக்கொல்லிப்பா."

அய்யம்பெருமாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்ப என் ஒடம்புச் சர்க்கரையையும் கொன்னுரும்னு சொல்லு!"

இலை மறைப்பது நாக்கின் ருசியைத்தான், ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அவளும் சிரித்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவர் வேலியோரம் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். நேற்று, நினைவு தப்பிக் கிடந்தவருக்குச் சர்க்கரை அறுநூறு என்றார்கள் ஆஸ்பத்திரியில். விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

வேட்டியை வாங்கிக்கொண்ட சித்தப்பா, அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அண்ணி, அண்ணன் மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டாரா?"

"ஒரு நாள் வுடல தம்பி" என்றாள் கமலவேணி. "நான் சொன்னா ஏறாது. எம்பொண்ணு சொன்னா கேப்பாரு. வேணும்னா அவளையே கேளுங்க."

சித்தப்பா மஞ்சுவைப் பார்த்தார். துப்பட்டாவுக்குள் அட்டைகள் சரசரத்தன.

"போட்டாரு சித்தப்பா."

கொல்லைப்பக்கம் போனாள். கொடி வேலி முழுக்கப் படர்ந்திருந்தது. அப்பாவின் கை எட்டும் உயரம் வரை மட்டும் இலையில்லை. எக்கி, அதற்கு மேலிருந்து இரண்டு பறித்து வாயில் போட்டு மென்றாள்.

பக்கத்து வீட்டுக் கவிதா டீ டம்ளரோடு வந்தாள்.

"நேத்துலேருந்து பச்சத்தண்ணி படல உன் வாயில. சீனி தூக்கலா போட்டுருக்கேன், குடி."

மஞ்சு ஒரு வாய் குடித்தாள். வெறும் சூடுதான் தொண்டையில் இறங்கியது.

"சீனி போதுமாடி?"

"போதும்க்கா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள்.