சீசன் முடிந்த படிப்பு

தங்கத்தாயின் அறிவுக்கு அவள் அப்பா பலவேசம் போட்ட விலை, மார்க்கு ஒன்றுக்கு ரெண்டு நயா பைசா. விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிக்காரர். சரக்கைப் பார்த்துத்தான் காசு. ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் நானூற்றுப் பன்னிரண்டு வாங்கி வந்தாள். எட்டு ரூபாய் இருபத்துநாலு பைசாவை எண்ணிக் கொடுத்தார். அதோடு வியாபாரம் முடிந்தது.

மே மாதத்திலும் அவள் நோட்டும் பென்சிலுமாகத் திரிந்தபோதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. சீசன் முடிந்தபின் சரக்குப் பிடிக்கிறவன் எதையோ மோப்பம் பிடித்திருக்கிறான் என்பது அவர் அனுபவம். காசு வராத படிப்பை யார் படிப்பார்கள்? வேறு யாரோ கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

அவள் குளிக்கப் போன நேரம் நோட்டைப் புரட்டினார். தேதிவாரியாகத் தன் மூட்டைகளின் எடை. பக்கத்திலேயே, எடை கூடுவதற்காக அவர் வத்தலில் தெளிக்கும் தண்ணீரின் அளவு. இது எதிர்மண்டி கனகசபாபதி காதுக்குப் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஜூனில் இவள் பள்ளிக்கூடம் போகப்போவதில்லை என்று நின்ற இடத்திலேயே முடிவு கட்டினார். நோட்டைக் கிழித்துப் போடலாம்; தலைக்குள் இருப்பதை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான். அவள் கைமேல் துண்டைப் போட்டு ஐந்து விரலையும் பிடித்தார். ஐந்து ரூபாய். கை அசையவில்லை. இன்னொரு தடவை பிடித்தார். பத்து. அப்போதும் அசையவில்லை. அசையாத கைக்கு மண்டியில் ஒரே அர்த்தம்: வேறிடத்தில் விலை படிந்துவிட்டது.

"ஏளா, கனகசபாபதி எம்புட்டுத் தாரேன்னான்?"

"அவுக எதுக்குத் தரணும்? நீங்க எட்டு ராத்தல் தண்ணி தெளிக்கீக. மூட்டையில எட்டு ஏறலையே. அது ஏன்னு பாக்கேன்."

எந்தப் பரீட்சையில் இதைக் கேட்பார்கள் என்றார். எதிலும் கேட்க மாட்டார்களாம். அவர் நம்பவில்லை. ஆனால் எட்டு ஊற்றி எட்டு ஏறவில்லை என்பது உள்ளே குத்தியது. இருபது வருஷமாக யாரோ எடுக்கிறார்கள்.

மறுநாள் காலையில் மண்டிக் கதவைத் தாழ்போட்டுத் தானே தெளித்தார், தானே மூட்டை பிடித்தார், தானே நிறுத்தார். தரையில் வழிந்ததைத் துணியால் ஒற்றி அதையும் நிறுத்தார். வெளியே வியாபாரிகள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு எதிர்மண்டிக்குப் போனார்கள். அவர் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமலே, நோட்டோடு பக்கத்தில் நின்ற மகளிடம் கேட்டார்.

"மிச்சம் எங்கன போச்சுன்னு உங்க வாத்தியாருக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கேன்."

"அப்ப ஜூன்ல போய்க் கேளு. சும்மா சொல்லுதாரா, ஏதும் எதிர்பாக்காரான்னும் பாத்துக்கோ."

நோட்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதினார்:

தெளித்தது, எட்டு ராத்தல். மூட்டையில் ஏறியது, ஆறே முக்கால். தரையில் வழிந்தது, அரை. பாக்கி முக்கால், ஆள் தெரியவில்லை.