நாலு மணிக் குரல்

புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து கொடுப்பதுதான் அவளுடைய தொழில். நகரத்தில் இருந்தவரை துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, தலைமேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு படிப்பாள். அப்படியும் ஒரு பக்கம் முடிவதற்குள் மேல்மாடியில் யாராவது நாற்காலியை இழுப்பார்கள்.

"வாய வச்சுப் பொழைக்கிறவளுக்கு ஒரு வீடு அமைய மாட்டேங்குதே" என்று கணவன் கேலி செய்வான். அவனுக்குப் பதவி உயர்வு வந்ததும், ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளியிருந்த அந்த ஊரில் வீடு வாங்கினார்கள்.

வசதியானவர்களின் ஊர். வேலிச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேல். கார்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதுபோலத்தான் போகும். காலை ஏழரை ரயில் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை தெருவில் ஈ காக்கை இருக்காது.

முதல் நாள் மாடியறையில் மைக்கைப் பொருத்திவிட்டு மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் படித்தாள். நாலு மணிக்கு அடுத்த வீட்டுத் தோட்டத்திலிருந்து அந்தக் குரல் எழுந்தது.

"அப்பா... அப்பா... அப்பா..."

குழந்தைக் குரல் இல்லை. வளர்ந்த பெண்ணின் கனத்த குரல். ஆறு மணிக்கு ஒரு கார் உள்ளே வரும்வரை அது ஓயவில்லை.

கணவன் ரயிலில் விசாரித்துக்கொண்டு வந்தான். "அந்த வீட்டுக்காரர் பல் டாக்டராம். மனைவி இல்ல. பொண்ணுக்கு முப்பத்திநாலு வயசு, மனசு மட்டும் நாலு வயசுலயே நின்னுடுச்சாம். எல்லாருக்கும் அவ பாப்பாதான். ஒரு அம்மா வந்து பகல்ல பார்த்துக்குது. நாலு மணிக்குத் தோட்டத்துல விட்டா, அப்பா வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாளாம்."

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பதிப்பகத்திலிருந்து ஒரு அத்தியாயம் திரும்பி வந்தது. "பின்னால யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே மேடம். கேக்குறவங்க பயந்துடுவாங்க."

அடுத்த வீட்டு வாசல் இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. போய்ச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் குடியிருப்போர் சங்கத்துக்கு நாலு வரி எழுதினாள்: பிற்பகலில் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

சங்கத்தின் செயலாளர் அன்றே போன் செய்தார். "யாராவது ஒருத்தர் எழுத்துல குடுக்க மாட்டாங்களான்னு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்தோம்மா." அவளுடைய கடிதத்தின் கீழே பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, டாக்டரே வந்து மணியடித்தார். ஒடிசலான மனிதர். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காதும்மா. பாப்பாவ ஒரு இல்லத்துல சேர்த்துட்டேன்."

"ஐயோ டாக்டர், நான் அப்படிச் சொல்லலையே... கொஞ்ச நேரம் உள்ள வச்சுக்கச் சொல்லித்தான்..."

"வச்சுப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுல தலைய முட்டிக்கிட்டா. ஆறு தையல்." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு வேலை ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாலு மணி ஆனால் நாக்கு புரளாது. ஒரே வரியை ஏழெட்டுத் தடவை படிப்பாள்.

"நாலு வரிதானே எழுதின. நீயா அவள அனுப்பச் சொன்ன?" என்றான் கணவன்.

"அந்த நாலு வரிய அவர்கிட்டயே போய்ச் சொல்லியிருக்கலாம்ல?"

அவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் அவள் டாக்டர் வீட்டுக்குப் போனாள். "கூட்டிக்கிட்டு வந்துடுங்க டாக்டர். நான் வேலை செய்ய வேற எடம் பார்த்துக்கிறேன்."

"நீங்க எடம் பார்த்துக்குவீங்க. மத்த பதினோரு வீடும் இங்கதானம்மா இருக்கும்?"

அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை அவளப் பார்க்கப் போறேன். வேணும்னா வாங்க" என்றார்.

இல்லம் சுத்தமாக இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பராமரிக்கச் சுலபமென்று முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நெற்றித் தையல் ஆறிப்போயிருந்தது.

"பாப்பா, அப்பா வந்திருக்கேன்டா."

பாப்பா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பையிலிருந்து ஒரு சின்னப் பல் பிரஷ்ஷை எடுத்தார். "என்னைத் தவிர யாரு தொட்டாலும் வாயத் தொறக்க மாட்டா. அதான் நானே வந்து தேய்ச்சு விடுறது."

அங்கே நின்ற நர்ஸ் சந்தோஷமாகச் சிரித்தாள். "அதெல்லாம் பழைய கதை சார். இப்ப யாரு சொன்னாலும் வாயத் தொறக்கிறா. சத்தமே கிடையாது. தங்கமான பொண்ணு."

டாக்டர் பிரஷ்ஷைப் பைக்குள் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்தபின் அவள் சொன்னாள்: "அந்த லெட்டர மொதல்ல எழுதினதே நான்தான் டாக்டர். மத்தவங்க அப்பறம்தான் கையெழுத்துப் போட்டாங்க."

"தெரியும்மா. முதல் பேரு உங்களோடதுதான்." அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதைப் படிச்சப்பறம் ஒரு வாரம் காத்திருந்தேன். இத்தனை பேர்ல ஒருத்தராவது வந்து பெல் அடிப்பாங்கன்னு."

வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டபோது, "அடுத்த வாரம் நான் மட்டும் போய்க்கிறேன்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

இரண்டு மாதத்தில் அவர் வீட்டை விற்றுவிட்டு, அந்த இல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டார். சாமான் ஏற்றிய அன்று அவள் நகரத்துக்குப் போயிருந்தாள். மறுநாள் செயலாளர் போனில் சொல்லித்தான் தெரியும்.

"புதுசா வர்றவங்க ரொம்ப அமைதியானவங்களாம்மா" என்றார் அவர்.

"சரி சார்" என்றாள்.