மூன்றாக உடைந்த ஒன்பதாவது வார்டு

அனிதா வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு யாரோ நகலெடுக்கக் கொண்டுவந்த தாள்களில்தான் அது இருந்தது. நகராட்சி வார்டு மறுவரையறை வரைவு. ஒன்பதாவது வார்டில் ஒன்றாக இருந்த அவள் காலனி மூன்று வார்டுகளுக்குப் பிரிந்து போயிருந்தது. வரைபடம் கிடையாது, வெறும் கதவு எண்கள். ஆட்சேபணை சொல்ல ஏழு நாள் அவகாசம். அதில் மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது.

காலனிப் பெண்ணான மதுமதி போன தேர்தலில்தான் முதன்முறையாகக் கவுன்சிலர் ஆகியிருந்தாள். அதன் பிறகே அங்கே குடிநீர்க் குழாய் வந்தது.

லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்த அனிதாவின் அண்ணன் காத்தான், பட்டியலைப் பார்த்துப் பார்த்துத் தெருக்களை ஒரு பெரிய தாளில் வரைந்தான்.

"எந்த வார்டுலயும் நாம நூத்தம்பது ஓட்டத் தாண்ட மாட்டோம் புள்ள. இனி நம்மாளு ஒருத்தரும் செயிக்க முடியாது."

இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் அங்கம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஆபீசுக்கு நானும் வரோணுமா சாமி?" என்றாள்.

"வேண்டாங்க அத்தை, கூலி போயிரும். எல்லாத்தையும் நானே சேத்திக் குடுத்தர்றேன்" என்றாள் அனிதா.

முந்நூற்று எண்பத்தாறு மனுக்களை ஒரே கட்டாகக் கொடுத்து, ஒரு ரசீது வாங்கிவந்தாள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் காத்தான் தன் வரைபடத்தை விரித்தான். "சுருக்கமாச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"ஏனுங்க சார், ஒரே தெருவுல இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் வேற வார்டுங்க. எதுக்குன்னு சொல்லுங்க."

"மக்கள்தொகை சமமா இருக்கணும்."

"அதுக்கு எங்களயே ஏனுங்க உடைக்கோணும்?"

அதிகாரி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இரண்டு மாதத்தில் அரசிதழ் வந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. அனிதா தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்டாள். 'காலனி சார்பில் பெறப்பட்ட ஆட்சேபணை: ஒன்று. பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது' என்று பதில் வந்தது.

"தனித்தனியாக் குடுத்திருக்கோணும்ணா. நாந்தான் கெடுத்துட்டேன்" என்று அழுதாள்.

"தனித்தனியாக் குடுத்திருந்தா முந்நூத்தி எம்பத்தாறு தடவ முடியாதுன்னு சொல்லியிருப்பாங்க, அவ்வளவுதான்" என்றான் காத்தான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

சேலத்தில் இருவரும் போய்ப் பார்த்த வக்கீல் தாள்களைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அரசிதழில் வந்த பிறகு கோர்ட்டு தலையிடுவது கஷ்டம் என்றார்.

தேர்தலில் மதுமதி தன் வீடு இருந்த வார்டிலேயே மறுபடியும் நின்றாள். வாக்குப்பதிவு நாளில் காலனி சனங்கள் மூன்று பள்ளிக்கூடங்களைத் தேடி மூன்று திசையில் போனார்கள். அங்கம்மாளுக்கு ஒரு பள்ளிக்கூடம், எதிர்வீட்டில் இருந்த அவள் மகளுக்கு வேறொன்று.

சாயங்காலம் ஐந்தரைக்குக் காத்தான் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"கெளம்பு புள்ள, பூத் மூடிருவாங்க."

அனிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ போண்ணா" என்றாள்.

அவன் வண்டியைக் கிளப்பினான். அவள் எழுந்திருக்கவில்லை.