நாலடி ரெயில்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த ஆசை பிடித்தது ஒரு மரச்சாமான் பட்டறையில். லிஃப்ட் கதவு பாதியில் சிக்குகிறது என்று நாலாவது மாடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கதவைச் சரிபண்ணி நிமிர்ந்தவர், எதிரே ஆளே இல்லாமல் ஒரு மெஷின் மரம் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒரு மோட்டார் தலை இடமும் வலமும் ஓடி, பலகையிலிருந்து நாற்காலி முதுகு ஒன்றை அலுங்காமல் வெட்டி எடுத்தது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் சி.என்.சி. ரௌட்டர் என்றார்கள். விலை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டலாம் என்று போனில் வீடியோக்கள் சொல்லின. அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

வீட்டில் அவர் ஒருவர்தான். மகளுடைய பிரசவத்துக்கென்று மூன்று மாதம் வெளிநாடு போன மனைவி இன்னும் திரும்பவில்லை. பிறந்த குழந்தை இப்போது தானாக ஷூ மாட்டிக்கொள்கிறதாம். சண்டை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். மற்ற ஆறு நாளும் அவர் வாயைத் திறப்பது யார் வீட்டு லிஃப்டிலாவது "கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்று சொல்வதற்குத்தான்.

பாகங்கள் எழுதிய பட்டியலைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். தலையை நகர்த்த பெல்ட் மலிவு, ஆனால் இழுபடும். ஸ்க்ரூ என்றால் உள்ளே குண்டுகள் உருளும் கனமான பால் ஸ்க்ரூதான் நல்லது, அது விலை. மோட்டார், கன்ட்ரோல் போர்டு, அலுமினியச் சட்டம், வெட்டும் தலை. ஒன்றை நல்லதாக வாங்கினால் இன்னொன்றில் கையைச் சுருக்க வேண்டும். தினமும் ஒன்றை அடித்து இன்னொன்றை எழுதினார். காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்ததும் புதிதாகப் படியெடுத்தார்.

பழைய மெஷின்களைப் பிரித்து விற்கும் கடைக்காரர் காகிதத்தைக் கண்ணுக்கருகே பிடித்துப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எதுல மிச்சம் பிடிக்கப் போறீங்க?"

"வெட்டுற தலையில. தச்சர் கையில பிடிக்கிற ரௌட்டரையே மாட்டிக்கிறேன். கெட்டா மாத்திக்கலாம். தலை ஓடுற தண்டவாளம், அந்த ரெயிலு மட்டும் ஒழுங்கா இருக்கணும். அது கோணினா மேல தங்கத்துல செஞ்சு வச்சாலும் ஆடும்."

"லிஃப்டுக்காரர் புத்தி போகுமா!" கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு ஜோடி ரெயில் கொண்டுவந்தார். பேக்கிங் மெஷின் ஒன்றிலிருந்து கழற்றியது. நாலடி நீளம். மெக்கானிக் அதன் மேல் ஓடும் கட்டையை ஒரு விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் கடைசிவரை போய் நின்றது. அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"வீட்டுல இடம் இருக்கா? இல்லேன்னா ரெண்டடியா அறுத்துத் தரேன். ஆனா மனசு வராதுண்ணே, இவ்ளோ நல்ல ரெயிலை அறுக்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எடுத்து வைங்க."

இடம் இருந்தது. ரெண்டடி மெஷின் என்றால் கூடத்து மூலையிலேயே வைத்துவிடலாம். நாலடி என்றால் படுக்கையறை வேண்டும், கட்டில் வெளியே போக வேண்டும். டேப்பை வைத்து நாலு தடவை அளந்தார். ஐந்தாவது தடவையும் கட்டில் அதே இடத்தில்தான் கிடந்தது.

ஞாயிறு போன் வந்ததும், வழக்கமான கேள்விகள் முடிவதற்குள் விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா, மரம் வெட்டுற மெஷின் ஒண்ணு பண்றேன். பெட்ரூம்ல வைக்கணும்னா கட்டிலை எடுக்கணும். என்ன பண்ணட்டும்?"

"எடுத்துடுங்களேன்."

"பிரிச்சுப் பரண்ல போட்டு வைக்கட்டுமா?"

"அது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? யாருக்காவது குடுத்துடுங்க."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "நீ வந்தா எங்க படுப்ப?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் நகரும் சத்தம். "அப்ப பாத்துக்கலாம்ங்க," என்றாள். அவள் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. "மரத்தூள் கண்ணுல படாம கண்ணாடி போட்டுக்கோங்க. சரி, பாப்பா எழுந்துட்டா, வைக்கட்டுமா?"

வைத்தாள். மெக்கானிக் கட்டிலின் ஓரத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு வார்த்தை தயங்கியிருந்தால்கூட ரெயிலை அறுக்கச் சொல்லியிருப்பார். இப்போது அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமை வாட்ச்மேனுடைய அக்காளும் அவள் மருமகனும் வந்து கட்டிலைப் பிரித்து எடுத்துப்போனார்கள். "புதுசு மாதிரியே இருக்கே சார்!" என்றாள். ஆமாம் என்றார். அன்றே போய் நாலடி ரெயிலை முழுசாக வாங்கி வந்தார்.

பூட்டி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். முதல் வெட்டுக்கு ஒரு வட்டம் கொடுத்தார், வந்தது முட்டை. ஒரு பக்கத்து மோட்டாரையும் ஸ்க்ரூவையும் பிணைக்கும் திருகாணி தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். தலை சுற்றி வந்து, புறப்பட்ட புள்ளியிலேயே வந்து சேர்ந்தது. வட்டத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தவருக்கு, யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

அப்போதுதான் யாரோ கதவை இடித்தார்கள். கீழ்வீட்டு நர்ஸம்மா, கலைந்த தலையோடு நின்றாள்.

"என்ன சார் பண்றீங்க மேல? நைட் டூட்டி முடிச்சு இப்பதான் கண்ணை மூடினேன். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரை என் தலைமேல உருட்டுற மாதிரி இருக்கு!"

"மன்னிச்சுக்கோம்மா. இது... இதைத்தான் வெட்டினேன்." பதற்றத்தில் வட்டத்தை நீட்டிவிட்டார்.

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எதுக்கு இது?"

"சும்மாதான்."

அவள் அவரையும், அவர் தோளுக்குப் பின்னால் கூடத்தில் சுருட்டி வைத்த ஒற்றைப் பாயையும் பார்த்தாள். குரலைக் கொஞ்சம் இறக்கி, "மெஷின் காலுக்கடியில ரப்பர் வைங்க சார். நான் மூணு மணிக்கு எழுந்துடுவேன், அதுக்கப்புறம் ஓட்டுங்க," என்று சொல்லி வட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மெக்கானிக் மெஷினை அணைத்தார். காலை மணி பதினொன்று. தரையில் கிடந்த மரத்தூளை மெதுவாக, சத்தம் வராமல் பெருக்கி அள்ளினார். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, மூன்று மணிக்கு அடுத்து என்ன வெட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார். ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் யோசித்துக்கொண்டிருந்தார்.